சினிமாவுக்கும் ஆர்.டிஸ். போடுங்கள்

சோழவந்தானில் இருந்த என் பெரியம்மா மகள் போன தை மாதம் காலமானார். வயது எண்பத்தேழு. சின்ன வயதில் நான் லீவுக்கு வாடிப்பட்டி வந்தால் என்னை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தவர். கடைசி இரண்டு வருஷமாக நடமாட்டம் கிடையாது. கண்ணாடி போட்டால் டிவி பார்ப்பார். ஞாபகம் மட்டும் கத்தி மாதிரி. நான் போகும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"தம்பி, அந்தச் சந்திரலேகா முரசு டான்ஸ ஒரு தடவ காட்டுடா."

அக்கா பதினோரு வயதில் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து, அதன்மேல் உட்கார்ந்து பார்த்த படம் அது. "நம்ம ஊரு மேளம் கணக்கா நெஞ்சுல வந்து அடிச்சுச்சு" என்பார். வாடிப்பட்டி மேளத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டவர் சொல்கிறார் என்றால் சும்மா இல்லை.

சரி, இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று மதுரைக்குப் போய் ஒரு டிவிடி வாங்கி வந்தேன். ஒரே வட்டில் மூன்று படம். விலை ஐம்பது ரூபாய். போட்டது எந்தக் கம்பெனி என்றே தெரியவில்லை. அக்காவுக்குத் தலையணை வைத்து உட்காரவைத்து, அந்த இடத்துக்கு ஓட்டிப்போட்டேன். சதுரமாக எடுத்த படத்தை அகல டிவிக்காக இழுத்துப் பெரிதாக்கி, மேலேயும் கீழேயும் வெட்டியிருந்தார்கள். ஆடுகிற பெண்கள் பலருக்குத் தலை இல்லை. காலடியில் ஏதோ ஒரு போன் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. முரசுக்குள்ளிருந்து வீரர்கள் குதித்து வரும் இடத்தில் படம் ஒரு தாவு தாவி வேறு எங்கோ போய்விட்டது.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். "இது இல்லடா. இது வேற" என்றார்.

"இதுதான்க்கா" என்றேன். அவர் பதில் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் சந்திரலேகாவை அவர் கேட்கவே இல்லை.

இன்று யோசித்தால் அக்கா சொன்னதுதான் சரி. அது வேறதான். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் சூடாக இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அப்பா காலமானதும் அம்மாவின் ஊரான வாடிப்பட்டிக்கு வந்து, டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி, பரீட்சை எழுதி, வருவாய்த் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். சர்வீஸில் பாதி நாள் பதிவறைத் தூசியில்தான் போனது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கோப்பு முடிந்தால் அதன்மேல் ஒரு குறிப்புப் போடவேண்டும். எல்.டிஸ். என்றால் ஒரு வருஷம் வைத்திருந்து அழித்துவிடலாம். கே.டிஸ். என்றால் மூன்று வருஷம். டி.டிஸ். என்றால் பத்து வருஷம். ஆர்.டிஸ். என்று போட்டுவிட்டால் அதை யாரும் தொடக்கூடாது, நிரந்தரம். பூச்சி அரித்தாலும் கட்டி வைத்துக் காப்பாற்றியாக வேண்டும். எது ஆர்.டிஸ்., எது எல்.டிஸ். என்று பார்த்துப் பிரிப்பதில்தான் ஒரு குமாஸ்தாவின் யோக்கியதை தெரியும்.

தமிழ் சினிமா என்கிற நம் கோப்புக்கு எல்.டிஸ். போட்டுவிட்டோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

ஏதோ வயதானவன் புலம்புகிறான் என்று நினைக்க வேண்டாம். மௌனப்பட காலத்தில் சென்னையில் நடராஜ முதலியார் படம் எடுத்தார். அவர் எடுத்த படங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. தமிழ் பேசிய முதல் படம் என்று பள்ளிப் பிள்ளைகள் பொது அறிவுக்கு மனப்பாடம் செய்கிறார்களே, 1931-இல் வந்த காளிதாஸ், அதுவும் இல்லை. வெள்ளி எடுப்பதற்கென்று பழைய கறுப்புவெள்ளைப் பிரிண்டுகளை எடை போட்டு வாங்கிப்போன காலம் ஒன்று இருந்தது. மிச்சத்தை வளையல் செய்யக் கொடுத்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் கையில் எந்தப் படம் குலுங்கியதோ!

இப்போது ஜப்பானுக்குப் போவோம். என்னோடு படித்த ஒருவன் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக்கொண்டு பாரீஸ் பக்கம் குடியேறிவிட்டான். அவன் ஒரு டிவிடி அனுப்பியிருந்தான். பிரெஞ்சில் 'வொயாழ் அ தோக்கியோ', ஆங்கிலத்தில் 'டோக்கியோ ஸ்டோரி'. 1953-இல் யசுஜிரோ ஓசு எடுத்த படம். முதலில் என் பிளேயரில் ஓடவே இல்லை. டிவிடிக்கு உலகத்தையே மண்டலம் மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்களாம். பிரான்ஸ் 2, நாம் 5. பேரன் ஏதோ செய்து கம்ப்யூட்டரில் ஓடவைத்தான்.

கதை இவ்வளவுதான். கடலோர ஊரில் இருக்கும் வயதான தாய் தகப்பன், டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ரயிலேறிப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. போரில் செத்துப்போன மகனின் மனைவி ஒருத்திதான் அவர்களை ஆசையாகக் கவனிக்கிறாள். காமிராவைத் தரையை ஒட்டி வைத்திருப்பார் ஓசு. பாயில் உட்கார்ந்து எதிரே இருப்பவரைப் பார்ப்பதுபோல இருக்கும். என் மனைவிக்கு ஜப்பானிய மொழியும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. நான் ஒரு வரி விட்டு ஒரு வரி சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியில் "போதும், சொல்லாதீங்க" என்றாள். முடிந்ததும், "நம்ம வீட்டுக் கதைய ஜப்பான்காரனுக்கு எவன் போயிச் சொன்னது?" என்று மூக்கை உறிஞ்சினாள்.

அந்தப் படத்தில் பாயின் கோரை தெரிகிறது. பெரியவர் விசிறுகிற விசிறியின் மடிப்பு தெரிகிறது. ஆனால் இந்தப் படத்தின் மூல நெகட்டிவ் இன்று இல்லை. ஆய்வகத்தில் பிடித்த தீயில் போய்விட்டது. எஞ்சியிருந்த பிரதிகளை வைத்துக்கொண்டு அதைத் தயாரித்த ஷோசிகு கம்பெனி இப்படி மீட்டெடுத்திருக்கிறது.

மூலம் எரிந்துபோன படத்தை ஒரு ஜப்பானியக் கம்பெனி என் வாடிப்பட்டி வீட்டுக் கூடம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த படம் பக்கத்தில் இருக்கும் சோழவந்தானுக்கு ஒழுங்காக வந்துசேரவில்லை.

"மீட்டெடுப்பு" என்ற சொல்லை இன்று கண்டபடி பயன்படுத்துகிறார்கள். அது என்ன வேலை என்று புரிந்தால்தான் ஏமாறாமல் இருக்கலாம். முதலில் ஒரு படத்துக்கு எங்கெங்கே என்னென்ன இருக்கிறது என்று தேடவேண்டும். மூல நெகட்டிவ், அதிலிருந்து எடுத்த பிரதிகள், தியேட்டருக்குப் போன பிரிண்டுகள் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து, எந்த ரீலுக்கு எது நன்றாக இருக்கிறது என்று பார்க்கவேண்டும். கிழிந்ததைக் கையால் ஒட்டி, கழுவி, ஒவ்வொரு பிரேமாக ஸ்கேன் செய்யவேண்டும். ஒரு நொடிக்கு 24 பிரேம். மூன்று மணி நேரப் படம் என்றால் 2,59,200 பிரேம். அதில் கீறல், தூசி, ஆட்டம், மினுமினுப்பு எல்லாம் நீக்கவேண்டும். ஒலிக்கும் இதே வேலை தனியாக உண்டு.

இவ்வளவும் செய்கிறவன் ஒன்றை மட்டும் செய்யக்கூடாது. சொந்தச் சரக்கைச் சேர்க்கக்கூடாது. பதிவறையில் பழைய அ-பதிவேட்டுக்கு நகல் எடுத்திருக்கிறேன். செல்லரித்த இடத்தில் "கிழிந்துள்ளது" என்று எழுதுவோமே தவிர, நம் இஷ்டத்துக்கு ஒரு சர்வே நம்பரைப் போடமாட்டோம். போட்டால் வேலை போய்விடும். இங்கே என்ன நடக்கிறது? கறுப்புவெள்ளைக்குச் சாயம் பூசுகிறார்கள். பழைய வாத்தியங்களுக்கு மேலே புதுச் சத்தத்தை ஏற்றுகிறார்கள். முகச் சுருக்கம் எல்லாம் போய் பொம்மை மாதிரி ஆகும்வரை வழவழப்பாக்குகிறார்கள். நான்கு மூலை உள்ள படத்தைத் தலை போக வெட்டுகிறார்கள். வெட்டிவிட்டு, மேலே "டிஜிட்டல்" என்று போடுகிறார்கள். எங்கள் ஆபீஸில் இதற்கு ஆவணத் திருத்தம் என்று பெயர். சஸ்பெண்ட்தான்.

நம் ஊரில் இதற்கெல்லாம் ஆள் கிடையாது, வசதி கிடையாது என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சென்னையில் பிரசாத் நிறுவனத்தில் உட்கார்ந்து நம் பிள்ளைகள் வெளிநாட்டுப் படங்களின் தூசியைப் பிரேம் பிரேமாகத் துடைத்துக் கொடுக்கிறார்கள். கை இங்கே இருக்கிறது. காசு கொடுத்து வேலை சொல்கிறவன்தான் வெளியூர்க்காரனாக இருக்கிறான்.

இன்னொரு கதையும் கேளுங்கள். சந்திரலேகா வந்த அதே 1948-இல், அதே ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த இன்னொரு படமும் வந்தது. நடனக் கலைஞர் உதய சங்கர் எடுத்த 'கல்பனா'. நம் பத்மினி முதலில் தலைகாட்டிய படம். ஒளிப்பதிவு நம் கே. ராம்நாத். படம் இந்தியில் என்பதால் நமக்கு ஞாபகமில்லை. புனே காப்பகத்தில் இருந்த பிரதிகளிலிருந்து, அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய அமைப்பு இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் அதை மீட்டெடுத்து, 2012-இல் கான் திரைப்பட விழாவில் காட்டியது. 2022-இல் கிரைட்டீரியன் என்ற அமெரிக்கக் கம்பெனி வீட்டில் பார்க்கும் புளூரே வட்டாகவும் போட்டுவிட்டது. ஒரே ஸ்டுடியோ, ஒரே வருஷம், இரண்டு பிள்ளைகள். ஒன்றை இத்தாலிக்காரன் எடுத்து வளர்த்தான். இன்னொன்று ஐம்பது ரூபாய் வட்டில் தலையில்லாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. அப்படி மீட்டெடுத்த சந்திரலேகா வட்டு ஒன்றை நானும் தேடிக்கொண்டே இருக்கிறேன். என் கைக்கு வரவில்லை. ஜெமினியின் பெயர் சென்னையில் ஒரு பாலத்துக்கு மட்டும் மிச்சம்.

அது போகட்டும், பழைய கதை. ரஜினி படத்துக்கு வருவோம். 1995-இல் வந்த 'முத்து', 1998-இல் ஜப்பானில் ஓடு ஓடு என்று ஓடியது எல்லோருக்கும் தெரியும். அந்த ரசிகர்களுக்காக 2018 நவம்பரில் அதே படத்தை 4கே தரத்தில் புதுப்பித்து ஜப்பானில் மறுபடி வெளியிட்டார்கள். பிறகு வீட்டில் பார்க்க புளூரேயும் வந்தது. தமிழ்நாட்டுத் தியேட்டருக்கு முத்து திரும்பி வந்தது 2023 டிசம்பரில். நம் வீட்டுப் பாயசத்தை அடுத்த தெருக்காரர் ருசி பார்த்துச் சொல்லி ஐந்து வருஷம் கழித்து நமக்குக் கரண்டி வருகிறது.

நடந்த நல்லதையும் சொல்லவேண்டும். 2012-இல் 'கர்ணன்' புதுப்பித்து வந்தபோது பஸ் ஏறி மதுரை போய்ப் பார்த்தவன் நான். புதுப்படங்களோடு போட்டி போட்டு நூறு நாளைத் தாண்டியது. அந்தத் துணிச்சலில்தான் திருவிளையாடலும் பாசமலரும் ஆயிரத்தில் ஒருவனும் வீரபாண்டிய கட்டபொம்மனும் வரிசையாக வந்தன. எடுத்துச் செய்தவர்களுக்குக் கும்பிடு. ஆனால் தியேட்டருக்கு வந்த படம் போய்விடும். மதுரையில் தங்கம் தியேட்டரே போய்விட்டது. ஆசியாவிலேயே பெரிசு என்று நாம் பீற்றிக்கொண்ட தியேட்டர், பராசக்தி ஓடிய தியேட்டர். தியேட்டரையே காப்பாற்றாத ஊர் படத்தைத் தியேட்டரை நம்பி விட்டுவைக்கலாமா? என் அக்கா மாதிரி கட்டிலோடு இருப்பவர்களுக்குத் தியேட்டர் எதற்கு? படம் வீடு தேடி வரவேண்டும். அதனால்தான் வட்டு, வட்டு என்று அடித்துக்கொள்கிறேன்.

"இந்தக் காலத்தில் எவன் வட்டு வாங்குவான், எல்லாம் போனிலேயே இருக்கிறதே" என்கிறான் பேரன். போனில் இருப்பது நம் கையில் இருப்பது ஆகாது. ஒரு கம்பெனி இன்று வைத்திருக்கும், நாளை ஒப்பந்தம் முடிந்தது என்று எடுத்துவிடும். வட்டு பீரோவில் இருக்கும். பட்டாவை எங்காவது ஆன்லைனில் பார்த்துக்கொள்ளலாம் என்று அசல் பத்திரத்தை யாராவது தூக்கிப் போடுவார்களா?

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். குமாஸ்தா புத்தி. நம் நாட்டில் ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளிவந்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டு. சந்திரலேகாவுக்கு அது 2008-ஓடு முடிந்தது. கர்ணனுக்கு 2024-ஓடு முடிந்தது. பாட்டும் வசனமும் எழுதியவர்களின் உரிமைக் கணக்கு தனி. அதைத் தனியாகத்தான் பார்க்கவேண்டும். ஆனால் படம் என்ற அளவில் அது இன்று ஊர்ச் சொத்து, உங்களுக்கும் எனக்கும் பங்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால், சொத்து நம்முடையது, பெட்டிச் சாவி நம்மிடம் இல்லை. நல்ல நெகட்டிவ் யாரிடம் இருக்கிறதோ அவர் கொடுத்தால்தான் உண்டு. அவர் கொடுக்க மனசு வைப்பதற்குள் நம் ஊர் வெக்கை வேலையைக் காட்டிவிடும். பிலிம் கெட ஆரம்பித்தால் பெட்டியைத் திறந்ததும் காடி வாடை அடிக்கும். அந்த வாடை வந்தபிறகு ரொம்ப நாள் கையில் இல்லை.

பிரெஞ்சில் 'பத்ரிமுவான்' என்று ஒரு சொல் உண்டு. முதலில் அதற்கு அப்பன் விட்டுப்போன சொத்து என்றுதான் அர்த்தம். பிறகு கோயில், ஓவியம், புத்தகம், சினிமா எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். அச்சிட்ட புத்தகத்தில் ஒரு பிரதி அரசாங்கத்துக்குக் கொடுத்தாகவேண்டும் என்று 1537-இலேயே அங்கே ராஜா உத்தரவு போட்டுவிட்டார். 1970களில் சினிமாவையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நம் நாட்டிலும் புத்தகத்துக்கு 1954-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. பஞ்சாங்கம் அச்சடித்தாலும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி போகவேண்டும். எல்லாத் திரைப்படங்களுக்கும் பொருந்துகிற மாதிரி அப்படி ஒரு சட்டம் இங்கே கிடையாது. ஐந்து முதலமைச்சர்களைச் சினிமாவிலிருந்து எடுத்துக்கொண்ட மாநிலம் நாம்! சினிமாவுக்கு ஒரு பதிவறை கேட்கத் தோன்றவில்லை.

மத்திய அரசு 2022-இல் 2,200 படங்களை மீட்டெடுக்க 363 கோடி ரூபாய் என்று அறிவித்தது. நல்ல காரியம். எனக்கு இருக்கும் கேள்வி ஒன்றுதான். மீட்டெடுத்த படம் புனேயிலும் டெல்லியிலும் விழாக்களிலும் ஓடினால் போதுமா? வாடிப்பட்டியில் இருக்கும் ஒரு பென்ஷன்காரன் காசு கொடுத்து வாங்கிவந்து, கூடத்தில் போட்டுப் பார்க்க எப்போது கிடைக்கும்? அதுவரை என்னைப் பொறுத்தவரை அது முடிவுற்ற கோப்பு ஆகாது. நிலுவைதான்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வெளியாகும் ஒவ்வொரு தமிழ்ப் படத்துக்கும் ஒரு நல்ல பிரதியை அரசிடம் ஒப்படைக்கச் சட்டம் வேண்டும். பழைய நெகட்டிவ் வைத்திருப்பவர்கள் கௌரவமாகக் கொண்டுவந்து வைக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே குளிர்ந்த, ஈரமில்லாத ஒரு பெட்டகம் வேண்டும். மீட்டெடுத்த படத்தை வெட்டாமல், ஒட்டாமல், சாயம் பூசாமல் வட்டாகப் போட்டு விற்கவேண்டும். விற்காது என்றால் நூலகத்துக்காவது கொடுங்கள். 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். மாடி மாடியாகப் புத்தகம். அதில் ஓர் அறையில் நாலு நாற்காலியும் நூறு தமிழ்ப் படமும் வைத்தால் குடியா முழுகிவிடும்?

கடைசியாக நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். தலை வெட்டிய படத்தை டிவியில் பார்த்து, "என்ன இருந்தாலும் பழைய படம் பழைய படம்தான்" என்று உச்சுக்கொட்டிக்கொண்டு எழுந்துபோனவர்கள் நாம்தான். ஒருநாளாவது ஒரு கார்டு எழுதிப் போட்டோமா? அரிசியில் கல் இருந்தால் கடைக்காரனோடு சண்டைக்குப் போகிற நாம் இதற்கு வாயைத் திறக்கவில்லை. அக்கா மாதிரி, முழுசாகப் பார்த்த ஆட்கள் இருக்கிறவரைக்கும் "இது இல்லடா" என்று சொல்லவாவது ஆள் இருந்தது. அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. அப்புறம் அந்த ஐம்பது ரூபாய் வட்டுதான் சந்திரலேகா என்று பேரப்பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்த வட்டை நான் தூக்கிப் போடவில்லை. உறைமேல் ஸ்கெட்ச் பேனாவால் எல்.டிஸ். என்று எழுதி, தேதி போட்டு, பீரோவில் வைத்திருக்கிறேன். விதிப்படி அடுத்த தையில் அதை அழித்தாகவேண்டும். அதற்குள் ஆர்.டிஸ். போடுகிற மாதிரி ஒரு பிரதி வந்தால் சந்தோஷம்.